நெய்தவர் பெயரும் நிற்க வேண்டும்

ஓர் ஊரின் பழம்பெருமை யாது என்று வினவினால், நம்மில் பெரும்பாலோர் கோட்டையையும் கோயிலையும் அரண்மனையையுமே சுட்டிக் காட்டுவர். அவ்வகையில் ஆரணிக்கு யாதொரு குறையுமில்லை. 1751-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிளைவின் படையும் மராட்டியக் குதிரைப்படையும் ஒன்று சேர்ந்து, பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்த ராசா சாகிபின் படையை முறியடித்தது இவ்வூரின் அருகில்தான். 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் பொருதியதும் இங்கேதான். கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீசுவரர் ஆலயம் விளங்குகிறது. பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்களின் மாளிகை சிதைந்து நிற்கிறது. சம்புவராயரின் தலைநகராக இருந்த படைவீடு நமக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளது.

இவையெல்லாம் போற்றிக் காக்கத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆரணி என்னும் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றவை கோட்டையும் போருமல்ல. பட்டும் அரிசியுமே ஆகும். முன்னாளில் மெல்லிய பருத்தித் துணிக்கும், பின்னாளில் பட்டுச் சேலைக்கும் இவ்வூர் பேர் பெற்றது. அந்தப் பேரை ஈட்டித் தந்த நெசவாளரையும் உழவரையும் பற்றி இவ்வூரில் எழுதி வைக்கப்பட்டிருப்பது என்ன? அவர்கள் கையாண்ட கருவிகள், கற்ற முறைகள், வழங்கிய சொற்கள் ஆகியவற்றுக்கென ஓர் அறையேனும், ஓர் அலமாரியேனும் உண்டா? இவ்வினாவை நம் சங்க அங்கத்தினர்கள் முன் வைப்பது இவ்விதழின் கடமை என்று கருதுகிறோம்.

எளியோரின் செய்தி நிலைக்காது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. போளூருக்கருகே திருமலையில் உள்ள சமணத் தலத்தில் முதலாம் இராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அம்மன்னனின் படை கங்கை வரை சென்று வென்ற செய்தியை அது விரித்துரைக்கிறது. ஆனால் அக்கல்வெட்டு எழுந்த காரணம் அந்த வெற்றியன்று. ஒரு வணிகரின் மனைவி அங்குள்ள குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிப்பதற்குக் கொடை அளித்தார். அக்கொடையைப் பதிவு செய்யவே அக்கல் பொறிக்கப்பட்டது. அந்த அம்மையாரின் விளக்குக் கொடைக்கு முகவுரையாகவே மன்னனின் புகழ் நமக்குக் கிடைத்திருக்கிறது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களை எடுத்துக் கொள்வோம். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் ஒன்று. மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் நினைவாக நடப்பட்டது. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் அழியவில்லை. ஊரார் கல்லில் எழுதி வைத்ததே அதற்குக் காரணம். நம் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நெய்யப்பட்ட ஒரு முகூர்த்தச் சேலையைக் கையிலெடுத்து, இதை நெய்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. நாய்க்குக் கிடைத்த நினைவு நெசவாளிக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல நேர்வது நமக்குப் பெருமை தருமா?

இழந்து வருவது பெயர்கள் மட்டுமன்று. முறைகளும் மறைந்து வருகின்றன. ஜக்கார்டுப் பெட்டி வருவதற்கு முன்னர், பட்டுத் தறிகளில் உருவம் எழுப்புவதற்கு 'அடை' கட்டும் முறை கையாளப்பட்டது. தறியின் அருகே ஒருவர் அமர்ந்து, வேண்டிய இழைகளை முறைப்படி இழுத்துக் கொடுப்பார். அந்தக் கணக்கைக் கட்டத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. ஜக்கார்டு அட்டைகளைக் கையால் குத்தி அடித்த காலமும் கடந்து, கணினியில் வரைந்து அட்டை தயாரிக்கும் காலம் வந்துவிட்டது. உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு வண்ணம் வைத்து, மூன்று நாடாக்களைக் கொண்டு, துணையாள் ஒருவரோடு நெய்யும் கோர்வை வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. புது முறைகள் வருவதை நாம் குறை கூறவில்லை. பழைய முறை எவ்வாறு இருந்தது என்று எழுதி வைக்காமலே அதைக் கைவிடுவதுதான் வருந்தத் தக்கது.

சொற்களின் கதியும் அதுவே. பாவு, ஊடை, விழுது, அச்சு, தார், நாடா, மிதி என்று ஒவ்வொரு பாகத்திற்கும் பெயர் உண்டு. தாழம்பூ ரேக்கு, மல்லிமொட்டு, ருத்திராட்சம், மயில்கண், வங்கி, வாழைப்பூ, பாலும் பழமும் என்று கரைக்கும் கட்டத்திற்கும் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். தமிழ் பேசும் குடும்பங்களில் வழங்கும் சொல் ஒன்று. சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களில் வழங்கும் சொல் வேறு. பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்லும்போது இச்சொற்கள் வீட்டை விட்டே போய்விடுகின்றன. பட்டு இழைத்துத் தார் சுற்றும் பெண்களின் உழைப்போ, பெரும்பாலும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறியதில்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1866-ஆம் ஆண்டில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்னும் ஆங்கிலேயர், இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகள் தயாரித்தார். ஒவ்வொரு வரிசையிலும் 700 மாதிரிகள் இருந்தன. இத்தகைய 20 வரிசைகள் தயாராயின. அவற்றுள் 13 பிரிட்டனில் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை ஆங்கில ஆலை முதலாளிகள் கண்டறிந்து, அவ்வாறே நெய்து நமக்கு விற்க வேண்டும் என்பதே அந்த முயற்சியின் நோக்கம். நம் முன்னோரின் கைத்திறன் முழுவதும் ஒரு மாதிரிப் புத்தகமாகப் பிறர் மேசையின் மீது விரிந்து கிடந்தது. நெய்தவரிடமோ அப்புத்தகம் இல்லை. மாதிரிப் புத்தகம் எவர் கையில் உள்ளதோ, அவர் கையில் வாணிபமும் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்றைய சட்டங்களும் அதையே சொல்கின்றன. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி ஆரணிப் பட்டு பதிவு பெற்றிருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் பதிவு கோருவோர், அப்பொருள் அந்த ஊரில்தான் தோன்றி வளர்ந்தது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அதன் சிறப்பு இன்னது, செய்முறை இன்னது என்றும் விவரிக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். வேறிடத்தில் விசைத்தறியில் நெய்த சேலையை ஆரணிப் பட்டு என்று விற்பவர் மீது வழக்குத் தொடுத்தால், நம் துணி எது, அவர் துணி எது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கி வைக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், கைத்தறித் துணியை அடையாளம் காட்ட வல்லவர் இருந்தால்தான் பயன்படும்.

மற்றொன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்தை ஒருவர் தம் பெயரில் பதிவு செய்து கொண்டு, முதலில் பத்தாண்டுகளும் பின்னர் ஐந்தாண்டுகளும் தனியுரிமை பெறலாம். நம் பாட்டன் நெய்த கரையை வேறொருவர் தமது புதுப்படைப்பென்று பதிவு செய்தால், அது முன்னரே வழக்கில் இருந்தது என்று காட்டி அப்பதிவை நீக்கக் கோரலாம். காட்டுவதற்குத் தேதியிட்ட மாதிரி நம்மிடம் இருக்க வேண்டும். ஆதலால் பழமையைப் பேணுவது ஓய்வு நேரத்தில் செய்யும் அலங்கார வேலை என்று எவரும் கருத வேண்டாம்; அது நம் கூலியோடும் வயிற்றோடும் தொடர்புள்ள காரியமாகும்.

உழவர் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளால், குடவோலை முறையில் ஏரி வாரியம் அமைத்து ஊரார் தம் நீர்நிலையைத் தாமே பராமரித்த செய்தி நமக்குத் தெரிகிறது. கூட்டுறவின் கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று என்று நாம் மேடைதோறும் பேசுவதற்கு அந்தச் சுவரே ஆதாரம். நம் ஊர் ஏரிகளின் மதகு, கலங்கல், வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களும், எந்தக் கழனிக்கு எந்த முறையில் நீர் பாயும் என்ற வழக்கமும், அதைப் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டியின் கணக்கும் எந்தச் சுவரில் உள்ளன? முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே உள்ளன. ஆக்கிரமிப்பு வழக்கு வரும்போது அந்த நினைவைத் தேடி ஓடுகிறோம். அதற்குள் அம்முதியவர் மறைந்து விடுகிறார். ஆற்காடு கிச்சிலிச் சம்பா போன்ற நெல்லின் குணமும், மானாவாரியில் மல்லாட்டை விதைக்கும் பருவமும், ஜவ்வாது மலைச் சாமையின் வகைகளும் அவ்வாறே பதிவு பெற வேண்டியவை.

பேணுதல் என்றால் பூட்டி வைத்தல் என்று பொருளன்று. நெல் ஜெயராமன் அவர்கள் பாரம்பரிய நெல் வகைகள் 150-க்கும் மேற்பட்டவற்றைத் தேடிச் சேர்த்தார். 2018-இல் அவர் மறைந்தார். அவர் கையாண்ட முறை எளியது: உழவருக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெறுவார், அதை வேறு உழவருக்குக் கொடுப்பார். விதை வயலில் இருந்தமையால் உயிரோடு இருந்தது. நெசவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ருக்மிணி தேவி 1936-இல் சென்னையில் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் நடனத்தோடு நெசவுக் கூடமும் அமைந்தது; பழஞ்சேலைகளைப் பார்த்து அவற்றின் கரைகளும் வண்ணங்களும் மீண்டும் தறியில் ஏறின. நம் பக்கத்திலேயே, செய்யாற்றை அடுத்த புரிசையில், கண்ணப்ப தம்பிரான் வழியினர் தெருக்கூத்தைப் பரம்பரையாக ஆடியும் பயிற்றுவித்தும் வருகின்றனர். ஒரு சிற்றூரில் இருந்தபடியே அக்கலையை வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டு சென்றவர்கள் அவர்கள். கூத்து நிலைத்திருப்பதற்குக் காரணம், அது இன்றும் ஆடப்படுவதே.

இந்தப் பொறுப்பை யார் ஏற்பது? அரசாங்கம் செய்யட்டும் என்பது எளிய விடை. வேலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பணி வேறு. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் தேடிக் கண்டறிந்து வெளியிட்டு வருகிறது. அவ்வன்பர்களின் தொண்டு பாராட்டுதற்குரியது. ஆனால் தறிக்குழியில் உள்ளதை அறிய, தறிக்குழியில் அமர்ந்தவரே முன்வர வேண்டும்.

தனி மனிதர் முயற்சியும் போதாது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுதும் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக நிலைநிறுத்த உதவியது. நல்வாய்ப்பாக அது தமிழ்நாட்டிலேயே தங்கியது. எல்லாச் சேகரிப்பிற்கும் அத்தகைய வாய்ப்பு அமையுமா? ஒருவர் மறைந்தாலும் மறையாத அமைப்பு வேண்டும். அங்கத்தினர் மாறினும் தான் மாறாது நிற்பதே சங்கத்தின் இயல்பு.

கூட்டுறவு இயக்கத்தின் தோற்றமும் இதற்கு வழி காட்டுகிறது. 1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை திறந்தனர். அவர்களில் பலர் கம்பளித் துணி நெய்த நெசவாளரே. வறுமையில் தொடங்கிய அச்சங்கம் சில ஆண்டுகளுக்குள் வாசகசாலை அமைத்தது. உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கியது. அவர்கள் முதன்முதல் கடை வைத்த அச்சிறு கட்டடம் 1931-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று உலகெங்கிலும் உள்ள கூட்டுறவாளர்கள் அதை ஒரு தலமாகக் கருதிச் சென்று காண்கின்றனர். கல்வியும் சமுதாய நலனும் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழினுள் அடங்கியவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி, நம் அங்கத்தினர் கூறக்கூடிய தடைகளைக் கவனிப்போம். கூலியும் ஜரிகை விலையும் தேங்கிய சரக்கும் நம்மை வாட்டும்போது இதற்குப் பணம் ஏது என்பது முதல் தடை. நியாயமான கேள்விதான். நாம் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. சங்க அலுவலகத்தில் ஓர் அறையும், கறையான் ஏறாத இரண்டு இரும்பு அலமாரிகளும், தடித்த பதிவேடு சிலவும் தொடக்கத்திற்குப் போதும். கூலி உயர்வுக்குரிய பணத்தை இதற்கு எடுப்பதானால் அதை நாமே எதிர்ப்போம்.

மாதிரியை ஓரிடத்தில் வைத்தால் பிறர் திருடி விடுவரே என்பது இரண்டாவது தடை. புதிய வடிவங்களைக் குறித்த காலம் வரை முத்திரையிட்டு வைக்கலாம். அதற்குரிய அங்கத்தினர் இசைந்த பிறகே திறக்கலாம். பழைய வடிவங்களோ ஏற்கெனவே கடைத்தெருவில் உள்ளவை. அவற்றை மறைப்பதால் நமக்கு இலாபமில்லை, தேதியோடு பதிவு செய்வதால்தான் இலாபம். விசைத்தறியின் முன் கைத்தறியே நில்லாதபோது இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது தடை. கைத்தறிச் சேலைக்கு மிகை விலை கொடுப்பவர் வெறும் துணிக்காகக் கொடுப்பதில்லை. அதை இன்னார் இன்ன முறையில் நெய்தார் என்ற நம்பிக்கைக்காகவே கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

செய்யத் தக்கவை இவை. முதலாவது, மாதிரிப் பதிவேடு. சேலையை வெட்ட வேண்டியதில்லை. பாவு முடிவில் எஞ்சும் துண்டு போதும். அதனுடன் நெய்தவர் பெயர், தார் சுற்றியவர் பெயர், தேதி, இழைக் கணக்கு, எடை, ஜரிகையின் தன்மை, கரைக்கு வீட்டில் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பழஞ்சேலை வைத்திருப்போர் அதைச் சங்கத்திற்குக் கொடுத்துவிட வேண்டுமென்பதில்லை. நிழற்படம் எடுத்துப் பதிந்து திருப்பித் தரலாம். கொடுக்க முன்வருவோரின் சேலையை வெயில் படாமல், துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றி வைத்தால் இழை அறாது.

இரண்டாவது, முதியோரின் வாக்கு. இன்று வீட்டுக்கு வீடு உள்ள கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். அங்கத்தினரின் பிள்ளைகளுள் கல்லூரியில் பயில்வோரை விடுமுறையில் இப்பணிக்கு அமர்த்திச் சிறு ஊதியம் தரலாம். மூன்றாவது, சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள், கூலிப் பட்டியல்கள், பாஸ் புத்தகங்கள், கட்டத்தாளில் வரைந்த சித்திரங்கள், குத்திய அட்டைகள். இவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுவதை இன்றே நிறுத்த வேண்டும். நான்காவது, உழவர் பகுதி: ஏரி, மதகு, வாய்க்கால்களின் பெயரும் வரைபடமும், நீர்ப் பங்கீட்டு வழக்கமும், விதைகளின் பட்டியலும். எதை எழுதினாலும் இரு படி எழுதி, ஒன்றை வேறிடத்தில் வைப்பது நல்லது.

கூட்டுறவுக் கல்விக்கும் பொது நலனுக்கும் விதிப்படி ஒதுக்கப்படும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவிட இயலுமா என்று நிர்வாகக் குழுவினர் துறை அதிகாரிகளைக் கலந்து அறிதல் வேண்டும். வரும் மகாசபைக் கூட்டத்தில் இது ஒரு பொருளாக வைக்கப்படுமாயின், நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் சேர்ந்து ஒரே அறையை நடத்தலாம். இரண்டு சங்கத்தினரும் ஐவரைக் கொண்ட சிறு குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும்; அவருள் இருவரேனும் பெண்களாக இருத்தல் அவசியம். பாவைப் பிணைப்பது முதல் விதையைப் பொறுக்குவது வரை பாதி அறிவு அவர்களிடமே உள்ளது.

நம் முன்னோர் கல்லில் எழுதினர். நமக்குக் காகிதமும் கருவியும் மலிவாகக் கிடைக்கின்றன. இவ்வாண்டு நெய்யப்படும் சேலையிலிருந்தே பதிவேட்டைத் தொடங்கலாம். அடுத்த பாவு அறுக்கும் நாளில், எஞ்சிய துண்டை எறிந்துவிடாமல், தம் பெயரையும் தேதியையும் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பிக்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வேண்டிக் கொள்கிறோம்.